பிள்ளைச்சாவடியைச் சொல்லாத குரல்

“கதவு தொறந்துதானே இருக்கு, அப்புறம் ஏம்மா சாமி தெரியல?”

சிந்துஜா இதைக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது. நெல்லித்தோப்பில் வீட்டுக்குப் பக்கத்துப் பெருமாள் கோயில், மார்கழிக் காலை. சன்னதி வாசலில் சிவப்புத் திரை தொங்கியது. உள்ளே அலங்காரம் நடக்கிறது என்றாள் நிர்மலா. “அப்ப கதவ ஏன் தொறந்தாங்க?” என்றது பிள்ளை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது திரையின் ஓரத்தை விலக்கி அர்ச்சகர் தலையை மட்டும் நீட்டினார். “இதோ ஆயிடுச்சு பாப்பா, பெருமாள் மாலை போட்டுக்கிறார்” என்று சொல்லி ஒரு துளசிக் கொத்தை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். திரை விலகும்வரை பிள்ளை அதை முகர்ந்துகொண்டே நின்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சிந்துஜா இப்போது ஆறாம் வகுப்பு. அந்தக் காலை அவளுக்கு நினைவில்லை. நிர்மலாவுக்குத்தான் அது திரும்பி வந்தது, அதுவும் அலுவலகத்தில், கணினியின் முன்னால் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அவர்கள் அலுவலகம். தனியார் பேருந்துகளில் அடுத்த நிறுத்தம் எது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கும் மென்பொருளை எழுதினார்கள். முதலாளி சக்கரபாணி. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வீட்டுப் பேச்சில் மிச்சமாக அவரிடம் ஒட்டியிருந்தது ‘அலோர்’ என்ற ஒரு சொல்; பிரெஞ்சில் ‘அப்போ’ என்று அர்த்தம். எதையும் அதில்தான் தொடங்குவார்.

“அலோர், நிர்மலா. ஆளுக்கு ஒரு எடிட்டர் வச்சினு இருந்தா ஆபீஸ் நடத்த முடியாது. எது நல்லதுன்னு ஒரு கம்பேரிசன் போட்டுக் குடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரும் அதுலதான்.”

எடிட்டர் என்பது நிரல் எழுதுகிறவர்கள் எழுதவும் திருத்தவும் பயன்படுத்தும் செயலி. அவர்களுடைய பகல் முழுவதும் அதற்குள்தான் போகும். நிர்மலா இரண்டை எடுத்துக்கொண்டாள். ஒன்று வெல்மோரா, ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் தருவது. இன்னொன்று டிங்கி, எங்கெங்கோ இருக்கும் சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. வேகம், வசதி, பேருந்துகளின் சர்வரோடு இணைப்பு என்று வரிசையாக ஒப்பிட்டாள். கடைசி வரிசை ‘ஓப்பன் சோர்ஸா?’ இரண்டின் மூல நிரலும் யாரும் பார்க்கும்படி வெளியே இருந்தது. உரிமத்தைப் படித்தாள், இரண்டுக்கும் டிக் போட்டாள். மற்ற எல்லா வரிசையிலும் வெல்மோரா ஜெயித்தது. அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்தாள்.

மறு வாரம், வெற்றிவேல் உட்பட எல்லோரும் அதற்கு மாறத் தொடங்கியிருந்தபோது, வெல்மோராவின் புதிய பதிப்பு வந்தது. அன்று காலை வெற்றிவேல் கூப்பிட்டான்.

“நிர்மலாக்கா, கொஞ்சம் வாங்க. பஸ்சு எங்க ஊர்ல நிக்க மாட்டேங்குது.”

வெற்றிவேலின் ஊர் பிள்ளைச்சாவடி. மீன்பிடிக் குடும்பம். சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு கண்ணும் போனது. திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்ல, அதைக் காதில் கேட்டே நிரல் எழுதுவான். அந்தக் குரலை மற்றவர்களால் தொடர முடியாத வேகத்தில் ஓடவிட்டிருப்பான். “கீழ கண்ணாடிக் கடை, மேல நான். நம்ம ஓனருக்குப் பொருத்தம் பாக்கத் தெரியல” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினான். குரல் வரிவரியாகப் படித்தது. ஆங்கிலச் சொற்கள் வந்தன, எண்கள் வந்தன, நிறுத்தத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

“கோட்டக்குப்பம் இல்ல, பொம்மையார்பாளையம் இல்ல, எங்க ஊரும் இல்ல. தமிழ் எழுத்தப் பாத்தா வாய மூடிக்குது. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் பேசினு இருந்துது.”

பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தார்கள். சர்வரோடு இணைக்கும் துணைச் செயலி ‘புதுப்பிக்கவும்’ என்று சொல்லி நின்றுவிட்டது.

சக்கரபாணி கெட்டவர் அல்ல. வெற்றிவேலின் தோளில் கை வைத்துத்தான் பேசினார். “அவங்க சரி பண்ற வரைக்கும் ஹெல்ப் டெஸ்க்ல உக்காரு வெற்றி. கண்டக்டருங்க போன் பண்ணா பதில் சொல்ல ஆள் இல்ல. சம்பளம் கொறையாது.”

“சம்பளம் கொறையாது சார். நான் கொறஞ்சிடுவேன்.”

சக்கரபாணி கையை எடுத்துக்கொண்டார். “மாசம் முடியறதுக்குள்ள சரியாச்சுன்னா பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

நிர்மலாவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒப்பிட்டவள் அவள். கண்ணால் பார்த்து ஒப்பிட்டவள். பக்கத்து மேசையில் காதால் படிக்கிறவன் இருந்தான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை கோயிலுக்குப் போனாள். திரை விலகித்தான் இருந்தது. கும்பிட்டாள், மனம் நிற்கவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

மறுநாள் வெல்மோராவின் மூல நிரலைத் தன் கணினியில் இறக்கினாள். அதுதான் திறந்திருக்கிறதே. தேடித் தேடிப் போனதில் இடம் அகப்பட்டது. வேகத்துக்காக யாரோ ஒரு மாற்றம் செய்திருந்தார்கள்; தனக்குப் பழக்கமில்லாத எழுத்துகளைக் குரலுக்கு அனுப்பாமலே அது தாண்டிப் போனது. சில வரிகளில் திருத்தினாள். திருத்திய நிரலிலிருந்து தனக்கென்று ஒரு வெல்மோராவைக் கட்டினாள். கணினியின் விசிறி பிற்பகல் முழுக்க இரைந்தது. கடைசியில் வெற்றிவேல் விசையைத் தட்டினான்.

“பிள்ளைச்சாவடி” என்றது குரல்.

பக்கத்து மேசை ராஜ்கமல் விசில் அடித்தான். அலுவலகத்தில் சின்னவன் அவன். எதற்கும் முதலில் விசில் அடிப்பவன். “அக்கா, நீ தெய்வம்!”

“இரு, கனெக்ட் ஆவட்டும்.”

ஆகவில்லை. துணைச் செயலி, நிறுவனம் தானே கட்டித்தந்த வெல்மோராவில் மட்டும்தான் இயங்குமாம். அதன் நிரல் திறந்ததும் அல்ல.

“அப்ப இன்னாத்துக்கு ஓப்பன் சோர்ஸ்னு போட்டிருக்கான்?” என்றான் ராஜ்கமல்.

“சோர்ஸ் ஓப்பன்தாண்டா.”

“பாக்கலாம், தொடலாம், வூட்டுக்கு எடுத்துனு போவலாம். ஆனா உள்ள வரக் கூடாது. நல்லா இருக்குதுக்கா நாயம்.”

நிர்மலா தன் திருத்தத்தை நிறுவனத்துக்கே அனுப்பினாள். அனுப்பிய உடனே பதில் வந்தது; மனிதர் எழுதியதல்ல. எது முதலில் என்பதை எங்கள் குழு உள்ளே கூடித் தீர்மானிக்கும். போதிய ஆதரவு பெறாத கோரிக்கைகள் தாமாக மூடப்படும். உங்கள் பங்களிப்புக்கு நன்றி. அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது, யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. அப்போதுதான் மகளின் பழைய கேள்வி வந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். சாமி தெரியவில்லை. கோயிலிலும் திரை உண்டு. ஆனால் அங்கே காத்திருக்கிற பிள்ளைக்கு ‘இதோ’ என்று சொல்ல ஒருவர் இருந்தார்.

“சப்போர்ட்டுன்னா லைக்குதானக்கா?” என்றான் ராஜ்கமல். “அந்தக் கட்டைவெரல அமுக்கணும், அவ்ளோதான?”

“அதான் போட்டிருக்கு.”

“என்கிட்ட வுடு.”

அவன் எதிலெல்லாம் போட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்லூரிக் குழு, கிரிக்கெட் குழு, தங்கை கல்யாணத்துக்காக ஆரம்பித்து இன்னும் கலைக்காத குழு, தேர்த் திருவிழா இளைஞர் குழு. பிற்பகலில் கட்டைவிரல்கள் மளமளவென்று ஏறின. வெறும் விரலோடு நிறுத்தாமல் பலர் அன்போடு எழுதவும் செய்தார்கள். ‘சூப்பர் அண்ணே.’ ‘வாழ்த்துகள் வெற்றி மாமா.’ ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் வைத்திருந்தார். இன்னொருவர் வெற்றிவேலுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார்.

மாலைக்குள் அந்தப் பக்கம் பூட்டப்பட்டது. திட்டமிட்டுக் கூட்டமாகச் செய்த முறைகேடு என்று சந்தேகிப்பதால் கோரிக்கையும் அதோடு இணைந்த திருத்தமும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

ராஜ்கமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டும் வரவில்லை. வெற்றிவேல் சுவரைத் தொட்டபடி இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நான் கெடுத்துட்டேன் மச்சி.”

“வுடுறா. எனக்காக இத்தினி பேரு கை தூக்குவாங்கன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். பேசாம எலெக்சன்ல நின்னுடலாம் போல.” ராஜ்கமல் மூக்கை உறிஞ்சினான். “ஆனா ஒண்ணு, எனக்குப் பொறந்தநாள் ஆடி மாசம். அந்தாளு யாருன்னு கேட்டுச் சொல்லு.”

மாதக் கடைசி நெருங்கியது. வாசலோரம் ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒரு மேசை வந்து இறங்கியது. அதன் மேல் புதிய போன் ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. வெற்றிவேல் வரும்போதும் போகும்போதும் கைத்தடியின் நுனி அந்த மேசைக் காலில் பட்டது. “புது ஆளு வந்துட்டாரு” என்று அவன் முதல் நாள் சொன்னான்.

மிச்சமிருந்தது டிங்கி.

“டெங்குவாக்கா?” என்றான் ராஜ்கமல்.

“டிங்கிடா. சின்ன போட்டு” என்றான் வெற்றிவேல். “எங்க ஆளுங்க பொழப்பே அதுலதான் போவுது. போட்டுப் பாருங்கக்கா.”

டிங்கி மௌனமாக இல்லை. ஆனால் தமிழைத் துண்டு துண்டாக உடைத்தது. எழுத்தைத் தனியே, கொம்பைத் தனியே, காலைத் தனியே சொன்னது. வெற்றிவேல் கொஞ்ச நேரம் கேட்டான். “பேசுது. பல்லு எல்லாம் கொட்டிப்போனவர் பேசுற மாரி பேசுது. இத வச்சி ஒரு நாள் ஓட்டலாம், ஒரு வருசம் முடியாது.”

டிங்கியைச் செய்கிறவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் பொதுக்கூடத்துக்குப் போனாள் நிர்மலா. அங்கே எல்லாமே வெளியே கிடந்தது. எதை எப்போது செய்யலாம் என்ற பேச்சு, எதற்காக மறுத்தோம் என்ற காரணம், யார் யாரோடு ஒத்துப்போகவில்லை என்பது, ஒருவர் களைத்துப்போய் விலகுகிறேன் என்று எழுதியது. அவள் தன் குறையை எழுதினாள். சற்று நேரத்தில் ஒருவர் கடுகடுத்தார். இங்கே இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். உலகத்து மொழிகளுக்கெல்லாம் நாங்கள் எங்கே போவோம்? இன்னொருவர், கேட்க வந்தவரிடம் பேசுகிற பேச்சா இது என்று அவர் மேல் பாய்ந்தார். பழைய வழக்கெல்லாம் வெளியே வந்தது.

“இன்னாக்கா இது, தண்ணிக் கொழாய்ச் சண்டை மாரி இருக்குது!” என்றான் ராஜ்கமல்.

“அங்கயும் சண்டை இருக்கும்டா. நமக்குத் தெரியாது. இங்க தெரியுது.”

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பக்கத்தை அவள் மூடவில்லை. வீட்டில் குழம்பு கொதிக்கும்போதும் ஒரு கையில் போன், கட்டைவிரலால் பக்கத்தை இழுத்து இழுத்துப் புதுப்பித்தாள்.

“அம்மா, கொழம்பு ரெஃப்ரெஷ் ஆவாது. கிண்டு” என்றாள் சிந்துஜா.

மறுநாள் காலை அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு பதில் இருந்தது. எழுதியவர் பெயர் ஏதோ ஒரு வடதேசத்துச் சொல். தேடிப் பார்த்ததில் அது ஒரு கடற்பறவையின் பெயர்; தமிழில் ஆலா. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் இல்லை. எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘நான் பார்க்கிறேன். எனக்கு உங்கள் மொழி தெரியாது. உங்கள் நண்பருக்குக் கேட்பதைப் பதிவு செய்து அனுப்புங்கள். சரியாகப் படித்தால் எப்படி ஒலிக்கும் என்று ஒரு மனிதக் குரலிலும் சொல்லுங்கள்.’

நிர்மலா அதைப் படித்தாள். முதல் சொற்களை மறுபடி படித்தாள். மூக்கில் துளசி வாசம் வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

வெற்றிவேல் நிறுத்தங்களின் பெயர்களைத் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் குரலில் சொல்லிப் பதிவு செய்தான். ஆலா ஒரு திருத்தம் அனுப்பினார். கொம்பு ஒட்டிக்கொண்டது, கால் ஒட்டவில்லை. மறுபடி பதிவு, மறுபடி திருத்தம். கால் ஒட்டியது, ஒற்றெழுத்து விழுங்கப்பட்டது. நடுவில் ஆலா வேலைக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்: ‘பின்னால் கேட்பது கடலா?’

‘ஆமா, எங்க வீட்டுக்கு எதிர’ என்று வெற்றிவேல் சொல்ல, நிர்மலா ஆங்கிலத்தில் எழுதினாள்.

‘இங்கே எங்கள் கடல் உறைந்து கிடக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன்.’

அதன் பிறகு வெற்றிவேல் பதிவின் முடிவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து அலையை மட்டும் அனுப்பத் தொடங்கினான்.

மாதத்தின் கடைசி நாள். காலையிலேயே சக்கரபாணி போனின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசித் திருத்தம் அப்போதுதான் வந்திறங்கியது. வெற்றிவேல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். சக்கரபாணிக்குப் புரியும்படி குரலின் வேகத்தையும் குறைத்தான்.

“கோட்டக்குப்பம். பொம்மையார்பாளையம். பிள்ளைச்சாவடி. காலாப்பட்டு.”

ராஜ்கமல் விசில் அடிக்க வாயைக் குவித்தான், சக்கரபாணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“சர்வர்?” என்றார் அவர்.

டிங்கிக்கு மினுக்கான துணைச் செயலி இல்லை. பழைய நேர்வழி இணைப்புதான். எல்லோரும் காத்திருந்தார்கள். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். இணைந்தது. காலாப்பட்டு வண்டியில் நிறுத்தம் தாண்டிய பிறகே அறிவிப்பு வருகிறது என்று ஒரு வாரமாகக் கிடந்த புகாரை வெற்றிவேல் அங்கேயே எடுத்தான், கேட்டான், திருத்தினான், அனுப்பினான்.

“மெதுவாத்தான் கனெக்ட் ஆவுது” என்றார் சக்கரபாணி.

“ஆவுதில்ல சார்” என்றாள் நிர்மலா.

அவர் போனை எடுத்து ஒயரைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அலோர். இதுக்கு வேற ஆள் பாக்கறேன். வெற்றி டிங்கில இருக்கட்டும். மத்தவங்க வெல்மோரா. அந்தக் கம்பேரிசன மாத்தி எழுதிக் குடுங்க.”

இந்தத் தடவை நிர்மலா வெற்றிவேலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினாள். டிக் போட்டிருந்த பழைய வரிசையை இரண்டாகப் பிரித்தாள். ஒன்று: நிரலைப் பார்க்க முடியுமா? அதில் இரண்டுக்கும் டிக். அடுத்தது: கூப்பிட்டால் உள்ளிருந்து யாராவது எட்டிப் பார்க்கிறார்களா?

“இது டெக்னிக்கல் டெர்மா?” என்றார் சக்கரபாணி.

“ஆமா சார்.”

வெற்றிவேல் ஆலாவுக்கு நீளமாக நன்றி சொல்லி எழுதினான். ‘கேட்கிறதா? நல்லது’ என்று மட்டும் வந்தது. அடுத்த நாள் ஆலா வேறெங்கோ வேறு ஏதோ குறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்மலாவுக்கு அது போதவில்லை. வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அவள் உடம்புக்கு ஒத்துவராது. ஆனால் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிந்துஜா பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் மீன் வாங்கப் போயிருந்தார். நிர்மலா டிங்கியின் கூடத்தைத் திறந்து, பதில் வராத குறைகள் இருக்கும் அடிப்பக்கத்துக்கு இறங்கிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் வட்ட வட்டமான எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. பர்மிய எழுத்து என்று பிறகு தெரிந்துகொண்டாள். கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: ‘இது என் தங்கைக்காக, அவள் காதால் படிக்கிறாள், யாராவது இருக்கிறீர்களா?’ போன மழைக்காலத்தில் கேட்டது. அதன் கீழே ஒன்றுமில்லை.

அவள் எழுதினாள்: ‘இருக்கிறேன். எனக்கு உங்கள் மொழி தெரியாது. தங்கைக்குக் கேட்பதைப் பதிவு செய்து அனுப்புங்கள்.’

பதிவு வந்தது. அதில் ஒரு பெண் குரல் இருந்தது, பின்னால் சேவல் கூவியது. ஆலா தமிழுக்குச் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கற்றுக்கொண்டு நிர்மலா ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்தாள். வெற்றிவேலிடம் சொல்லவில்லை, சொன்னால் அவனும் வந்து உட்கார்ந்துவிடுவான், இது அவள் கணக்கு. வீட்டில் கேட்டால் ஆபீஸ் வேலை என்றாள்.

ஒரு காலையில் அந்தத் தங்கைக்குத் தன் ஊர்ப் பெயர் முழுசாகக் கேட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. நிர்மலா திருத்தத்தை டிங்கியில் சேர்த்தாள். யாரும் வந்து பார்க்கக்கூடிய இடம் அது. பெயரும் தேதியும் எல்லாம் வெளியேதான் இருந்தன. அந்த நேரத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

‘கேட்கிறதா? நல்லது’ என்று எழுதிவிட்டு மடிக்கணினியை மூடினாள். ஊறவைத்த துணி வாளியில் காத்திருந்தது. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.